வால்டேர் நம்பிய ‘வேதம்’: புதுச்சேரி வழியாக பாரிஸ் திரும்பிய இடைக்காலத் தத்துவம்

காட்டேரிக்குப்பத்தில் வீட்டு வரி கட்டப் போனாலும் சரி, பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்தாலும் சரி, ஒரு சொல் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்: கொம்யூன். மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்து. அந்தப் பக்கம் வில்லியனூர் கொம்யூன், இன்னும் தெற்கே போனால் பாகூர் கொம்யூன். எல்லையைத் தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக்குள் கால் வைத்தால் இந்தச் சொல் காணாமல் போய், ஊராட்சி ஒன்றியம் வந்துவிடும்.

‘பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன சொல், அவ்வளவுதானே?’ என்று தோன்றலாம். அதற்கு அதைவிட நீண்ட கதை உண்டு. 11, 12-ம் நூற்றாண்டுகளில் வட பிரான்சிலும் இத்தாலியிலும் நகரவாசிகள் ஒன்றுகூடிச் சத்தியம் செய்து, பிரபுக்களிடமும் ஆயர்களிடமும் ‘எங்க ஊரை நாங்களே பார்த்துக்கிறோம்’ என்று உரிமை கேட்டார்கள். அந்தக் கூட்டமைப்புக்குத்தான் கொம்யூன் என்று பெயர். 1112-ல் பிரான்சின் லான் நகரில் இதை முன்னிட்டுக் கலவரம் வெடித்து, ஆயரே கொல்லப்பட்டார். பல நூற்றாண்டுகள் கழித்து, பழைய பிரான்ஸை அடியோடு மாற்றப் புறப்பட்ட 1789 புரட்சி, உள்ளாட்சிக்குப் பெயர் வைக்கும்போது அந்தப் பழைய சொல்லையே எடுத்துக்கொண்டது. 1880-ல் பிரெஞ்சு அரசு அதைப் புதுச்சேரிக்கும் கொண்டுவந்தது.

புதுசு என்று அறிவிக்கப்படும் ஒன்றுக்குள் பழசு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். சொற்களுக்கு நடப்பது சிந்தனைகளுக்கும் நடக்கும். ஐரோப்பாவின் இடைக்காலத் தத்துவம், நவீன தத்துவத்துக்குள் எப்படி இடம்பிடித்தது என்பதற்கு ஒரு வினோதமான உதாரணம் இதே புதுச்சேரியில் இருக்கிறது. அதில் மாட்டிக்கொண்டவர் சாதாரண ஆள் இல்லை. 18-ம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மிகக் கூர்மையான கிண்டல்காரர், வால்டேர்.

‘இடைக்காலம்’ என்றால் என்ன?

இடைக்கால பட்ஜெட், இடைக்காலத் தடை. தமிழில் ‘இடைக்காலம்’ என்றாலே தற்காலிகம், நிரந்தரமானது வரும்வரை ஒப்பேற்றுவது என்று ஒரு தொனி உண்டு. ஐரோப்பிய வரலாற்றிலும் அந்தப் பெயர் கிட்டத்தட்ட அதே எண்ணத்தில்தான் வைக்கப்பட்டது. கிரேக்க, ரோமானியப் பெருமை ஒரு பக்கம். அதை மீட்டெடுத்த புதுயுகம் மறுபக்கம். நடுவில் ஏறத்தாழ 5-ம் நூற்றாண்டு முதல் 15-ம் நூற்றாண்டு வரை வெறும் ‘இடைவெளி’. வால்டேரும் அவருடைய தலைமுறையினரும் அந்த ஆயிரம் ஆண்டுகளைக் காட்டுமிராண்டித்தனமும் மூடநம்பிக்கையும் நிறைந்த இருட்டாகவே எழுதினார்கள்.

உண்மையில் அந்த ‘இருட்டில்’தான் பல்கலைக்கழகம் என்ற அமைப்பே ஐரோப்பாவில் பிறந்தது. போலோன்யா பல்கலைக்கழகம் 1088-ல் தொடங்கியதாகச் சொல்வது மரபு. பாரிஸ் பல்கலைக்கழகம் 1200 வாக்கில் உருப்பெற்றது. நம்ம பக்கத்திலும் அந்தக் காலம் சும்மா இருக்கவில்லை. போலோன்யாவுக்கு 200 ஆண்டுகள் முன்பே, 9-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விக் கூடத்துக்கு, மூன்று கிராமங்கள் தானமாகத் தரப்பட்டதை பாகூர் செப்பேடுகள் சொல்கின்றன.

அந்தக் காலத்து ஐரோப்பியப் பாடமுறைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் எதிர்த்தரப்பின் வாதங்களை நேர்மையாக அடுக்க வேண்டும். பிறகு தன் பதில். கடைசியில் எதிர்த்தரப்பின் ஒவ்வொரு வாதத்துக்கும் தனித்தனியாக மறுமொழி. இன்று பிஎச்.டி மாணவர் வைவாவில் நின்று கேள்விகளைச் சமாளிக்கிறாரே, அந்தச் சடங்கின் வேர் இந்த இடைக்கால வாதமேடையில்தான் இருக்கிறது.

1760: வால்டேர் கைக்கு வந்த கையெழுத்துப் பிரதி

இப்போது கதைக்கு வருவோம். 1760-ல், இந்தியாவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய பிரெஞ்சு ராணுவ அதிகாரி மோதாவ் பிரபு, ஜெனீவா அருகே வாழ்ந்துவந்த வால்டேரைச் சந்தித்து ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். பெயர்: ‘எசுர்வேதம்’. பிரெஞ்சு மொழியில் இருந்தது.

வால்டேருக்குத் தலைகால் புரியவில்லை. அலெக்ஸாண்டர் படையெடுப்புக்கும் முந்தைய நூல் இது என்றார். ஸ்ரீரங்கம் கோயிலின் தலைமைக் குரு, பிரெஞ்சு நன்கு அறிந்தவர், அவரே இதை மொழிபெயர்த்தார் என்றும் எழுதினார். கிழக்கு மேற்குக்குத் தந்த ஆகப்பெரிய பரிசு என்ற அளவுக்குக் கொண்டாடினார். ஒரு பிரதி எடுக்கச் செய்து 1761-ல் பாரிஸில் உள்ள அரச நூலகத்தில் சேர்த்தார். அதே 1761 ஜனவரியில்தான் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. தொடர்ந்து நகரமும் தரைமட்டமாக்கப்பட்டது. ஊர் இடிந்துகொண்டிருந்த ஆண்டில், அந்தப் புத்தகம் பாரிஸின் அரச நூலகத்தில் இடம்பிடித்தது.

அப்படி என்ன இருந்தது அதில்? வியாசருக்கும் சுமந்துவுக்கும் நடக்கும் உரையாடல். மரபில் சுமந்து, வியாசரின் சீடர். இங்கோ தலைகீழ். சுமந்து பாடம் எடுக்கிறார், வியாசர் திருத்திக்கொள்கிறார். கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் இல்லை, உலகைப் படைத்தவர் அவரே என்கிறார் சுமந்து. புராணக் கதைகளையும் சிலை வழிபாட்டையும் ஒவ்வொன்றாக மறுக்கிறார். கிறிஸ்தவம் என்ற பெயர்ப்பலகை மட்டும் வெளிப்படையாக எங்கும் இல்லை.

வால்டேருக்கு இது லட்டு மாதிரி. ‘பாருங்க, பைபிளுக்கு வெகுகாலம் முன்பே, பாதிரியார் யாரும் இல்லாமலே, இந்தியர்கள் வெறும் பகுத்தறிவால் ஒரே கடவுளைக் கண்டடைந்துவிட்டார்கள். அப்புறம் திருச்சபை எதற்கு?’ என்று கேட்க அவருக்கு ஓர் ஆதாரம் வேண்டியிருந்தது. கேட்டது கிடைத்தது. கேட்டது அப்படியே கிடைக்கும்போதுதான் சந்தேகம் வர வேண்டும். வால்டேருக்கு வரவில்லை.

எழுதியது யார்?

அந்த நூலை எழுதியவர்கள் வால்டேர் வாழ்நாள் முழுக்கக் கேலி செய்த அதே பாதிரியார்கள். தென்னிந்தியாவில் இயங்கிய பிரெஞ்சு சேசு சபை மிஷனரிகளின் வேலை அது. எந்தப் பாதிரியார் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் வாதம் உண்டு. சேசு சபையின் வேலை என்பதில் அநேகமாக யாருக்கும் சந்தேகம் இல்லை.

அவர்களுடைய நோக்கமும் வால்டேரின் நோக்கத்துக்கு நேர் எதிர். இந்துக்களிடம் நேரடியாக பைபிளை நீட்டினால் எடுபடாது. அவர்கள் மதிக்கும் முனிவர் வாயால், அவர்கள் மதிக்கும் வேதத்தின் பெயரால், ‘கடவுள் ஒருவரே, சிலைகளை விடு’ என்று சொல்லவைத்தால்? அந்த முதல் படியில் ஏறிவிட்டால் இரண்டாவது படியில் கிறிஸ்தவம். ஆக, மதம் மாற்றுவதற்காக எழுதப்பட்ட நூலை, மதத்தைத் தாக்குவதற்காக வால்டேர் தூக்கிப் பிடித்தார்.

‘எசுர்’ என்ற பெயரே இரண்டு பக்கமும் இழுக்கும். யஜுர் என்பதைப் பழைய தமிழ் வழக்கில் எசுர் என்றும் எழுதுவார்கள். அப்படிப் பார்த்தால் இது யஜுர்வேதம். காதால் கேட்டால் ‘யேசு வேதமோ’ என்றும் தோன்றும். காட்டேரிக்குப்பம் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டேரி என்ற கிராமத் தெய்வத்தின் குப்பமா, காட்டு ஏரிக்குப் பக்கத்துக் குப்பமா? கேட்பவர் மனசில் என்ன இருக்கிறதோ அதுதான் முதலில் காதில் விழும்.

சரி, இதில் இடைக்காலம் எங்கே வந்தது?

‘மாற்று மதத்தவரிடம் வேதநூலை மேற்கோள் காட்டாதே, பகுத்தறிவைக் கொண்டு பேசு’ என்ற உத்தியே இடைக்காலத்தில் செதுக்கப்பட்டது. அதைத் தெளிவான கொள்கையாக எழுதிவைத்தவர்களில் முதன்மையானவர் தாமஸ் அக்வினாஸ் (1225–1274). பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். யூதர்களுடன் வாதாட பழைய ஏற்பாடு இருக்கிறது. எந்த நூலையும் பொதுவாக ஏற்காதவர்களிடம் என்ன செய்வது? எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டிய இயற்கையான அறிவிடம்தான் போக வேண்டும் என்றார் அவர். கடவுள் இருக்கிறார், அவர் ஒருவரே என்பன போன்றவற்றை அறிவாலேயே நிறுவ முடியும்; கிறிஸ்தவத்துக்கே உரிய மறைபொருள்கள் மட்டும் நம்பிக்கையின் வழியே வர வேண்டும். இது அவர் போட்ட கோடு.

அந்த வாதங்களும் அவருடைய தனிச்சொத்து இல்லை. ‘உலகில் உள்ள எதுவும் இருந்தே தீர வேண்டிய கட்டாயம் இல்லை, இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அப்படியென்றால் இவற்றுக்கெல்லாம் ஆதாரமாக, இல்லாமல் போகவே முடியாத ஒன்று இருந்தாக வேண்டும்.’ இந்த வாதத்தைக் கூர்மையாக்கியவர் புகாரா அருகே பிறந்த முஸ்லிம் தத்துவவாதி இப்னு சினா (980–1037). அது அரபியிலிருந்து லத்தீனுக்குப் போய், பாரிஸ் வகுப்பறைக்குள் நுழைந்தது.

அங்கிருந்து இந்தியாவுக்கு எப்படி வந்தது? பாடத்திட்டம் வழியாக. சேசு சபை 1599-ல் தன் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான கல்வி விதிமுறையை வெளியிட்டது. தத்துவத்துக்கு அரிஸ்டாட்டில், இறையியலுக்கு அக்வினாஸ் என்று அதில் வகுத்துவைத்தது. அந்தக் கல்வியோடு 1606-ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, ‘தத்துவ போதகர்’ என்று பெயர் பெற்றவர் ராபர்ட் தெ நொபிலி. தமிழிலேயே அவர் எழுதிய நூல்களில் அக்வினாஸின் தடம் பலமாக உண்டு. அவருக்குப் பின்னால் வந்த பிரெஞ்சுப் பாதிரியார்களும் அதே பள்ளியின் பிள்ளைகள்தான்.

இன்னொருவரும் அதே பள்ளியின் பிள்ளை. பாரிஸில் சேசு சபை நடத்திய லூயி லெ கிராண்ட் கல்லூரியில் 1704 முதல் 1711 வரை படித்த மாணவர். அவர் பெயர் பிரான்சுவா மரி அருவே. பின்னாளில் உலகம் அவரை அழைத்த பெயர்: வால்டேர்.

இப்போது படம் முழுசாகிறது. 13-ம் நூற்றாண்டு பாரிஸில் கிளம்பிய ஒரு வாதமுறை, ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, வேதம் என்ற லேபிளும் ஸ்ரீரங்கம் என்ற முகவரியும் ஒட்டிக்கொண்டு பாரிஸுக்கே திரும்பிவந்தது. வால்டேருக்கு அது உண்மையாகப் பட்டதற்கு ஒரு காரணம், அதை அவர் ஏற்கெனவே படித்திருந்தார் என்பதுதான். எழுதியவரும் படித்தவரும் ஒரே பாடப்புத்தகத்தில் படித்தவர்கள்.

வால்டேர் மட்டும்தானா?

இல்லை. நவீன தத்துவத்தின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் ரெனே டெகார்ட்டும் லா ஃபிளேஷ் என்ற ஊரில் இதே சேசு சபைப் பள்ளியில் படித்தவர். ‘எல்லாவற்றையும் சந்தேகிப்போம், பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிப்போம்’ என்று புறப்பட்டவர். 1913-ல் பிரெஞ்சு ஆய்வாளர் எத்தியேன் ழில்சோன் ஒரு எளிமையான காரியம் செய்தார். டெகார்ட் பயன்படுத்திய கலைச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இடைக்கால மரபின் நூல்களில் அவை எங்கே வருகின்றன என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பட்டியல் போட்டார். பூஜ்ஜியம் என்று நினைத்த இடத்தில் ஒரு முழு நூலகமே இருந்தது தெரிந்தது.

ஓர் உதாரணம். 1070-களின் இறுதியில் ஆன்செல்ம் என்ற துறவி ஒரு வாதத்தை எழுதினார். இதைவிடப் பெரிய ஒன்றை நினைக்கவே முடியாது என்பதுதான் கடவுள் என்ற சொல்லின் பொருள். அது நம் நினைப்பில் மட்டும் இருந்து, நிஜத்தில் இல்லாவிட்டால், நிஜத்திலும் இருக்கும் இன்னொன்றை அதைவிடப் பெரிதாக நினைத்துவிடலாமே! ஆகவே அது நிஜத்திலும் இருந்தாக வேண்டும். கௌனிலோ என்ற இன்னொரு துறவி உடனே கேட்டார்: ‘இதே கணக்கில், இதைவிடச் சிறந்த தீவு இல்லை என்று ஒரு தீவை நினைத்தால் அதுவும் கடலில் இருந்துவிடுமா?’ இருட்டுக் காலம் என்று சொல்லப்பட்ட காலத்தில் நடந்த சண்டை இது.

1641-ல் டெகார்ட் அதே வகை வாதத்தைப் புது வடிவில் கொண்டுவந்தார். ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் அதைச் செப்பனிட்டார். 1781-ல் இம்மானுவேல் காண்ட் வந்து, மனதில் நினைக்கும் நூறு நாணயத்துக்கும் கையில் உள்ள நூறு நாணயத்துக்கும் கருத்தளவில் எந்த வித்தியாசமும் இல்லை, இருப்பு என்பது ஒரு பொருளின் குணப்பட்டியலில் சேரும் சமாச்சாரமே இல்லை என்று அடித்தார். இன்றைய மொழியில், ‘என் கூகுள் பே கணக்கில் நூறு ரூபாய் இருக்கிறது’ என்று எவ்வளவு துல்லியமாக நினைத்தாலும் டீக்கடையில் ‘பேமென்ட் ஃபெயில்டு’ என்றுதான் வரும். காண்ட்டின் இந்த அடி மேற்கத்தியத் தத்துவத்தின் திருப்புமுனைகளில் ஒன்று. திரும்புவதற்கே முதலில் ஒரு சாலை வேண்டும். அந்தச் சாலையை 700 ஆண்டுகளுக்கு முன் போட்டவர்கள் மடத்துத் துறவிகள்.

வால்டேரே 1734-ல் எழுதிய மெய்யியல் கட்டுரையில், கடிகாரத்தைப் பார்த்தால் அதைச் செய்தவர் ஒருவர் உண்டு என்று புரிகிறது. உலகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் என்று வாதிடுகிறார். அக்வினாஸ் இதே போக்கில் அம்பையும் எய்தவனையும் காட்டியிருந்தார். அம்பு போய் கடிகாரம் வந்தது. எலும்புக்கூடு அதேதான்.

சாயம் வெளுத்தது எப்படி?

‘எசுர்வேதம்’ 1778-ல் சுவிட்சர்லாந்தின் இவெர்தோன் நகரில் அச்சாகி வந்தது. அதே ஆண்டு மே மாதம் வால்டேர் இறந்துபோனார். நான்கே ஆண்டுகளில், 1782-ல், இந்தியாவில் சுற்றித் திரிந்த பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியேர் சொனரா குட்டை உடைத்தார். இது நான்கு வேதங்களில் எதுவும் இல்லை, மசூலிப்பட்டினத்தில் ஒரு மிஷனரி எழுதிய வாதநூல் என்று எழுதினார்.

மூலப்பிரதிகள் அகப்பட்டது புதுச்சேரியில். 1773-ல் போப் சேசு சபையையே கலைத்த பிறகு, அவர்களது ஏடுகள் புதுச்சேரியில் வேறொரு பிரெஞ்சு மிஷன் வசம் போயிருந்தன. அங்கே அவற்றை ஆராய்ந்தவர் தமிழர்களுக்கு நன்கு தெரிந்தவர்: பிரான்சிஸ் வைட் எல்லிஸ். திருக்குறளை மொழிபெயர்த்த, 1816-ல் தென்னிந்திய மொழிகள் சம்ஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று நிறுவிய அதே எல்லீசன். ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட சம்ஸ்கிருதம், எதிரே பிரெஞ்சு. உண்மையான வேதங்களோடு ஒப்பிட்டு, இவை பிற்காலப் போலிகள் என்று அவர் காட்டினார். அவர் 1819-ல் இறந்த பிறகு, 1822-ல் அந்தக் கட்டுரை அச்சானது. நொபிலியே எழுதியிருக்கலாம் என்று எல்லிஸ் நினைத்தார். பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை.

‘அறிவால் பேசுவோம்’ என்பதன் மறுபக்கம்

சேசு சபையினர் காகிதத்தில் பகுத்தறிவின் பெயரால் பேசினார்கள். ஊருக்குள்? 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகைக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், டூப்ளே ஆட்சியில் புதுச்சேரியின் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. அது சேசு சபையின் சம்பா கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பாதிரியார்கள் பல ஆண்டுகளாக அதை அகற்றக் கேட்டுவந்ததையும், இடிக்கும்போது அவர்களும் நின்று உடைக்கச் செய்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் மனம் நொந்து பதிவு செய்திருக்கிறார். இன்றுள்ள வேதபுரீஸ்வரர் கோயில் பிறகு வேறு இடத்தில் எழுந்தது.

‘வேதபுரி’யின் கோயிலை இடிப்பதும், வேதத்தின் பெயரால் நூல் எழுதுவதும் ஒரே மிஷனின் இரண்டு முகங்கள். வாதம் என்றால் எதிராளிக்கு மறுத்துப் பேச இடம் இருக்க வேண்டும். போலி வேதத்தில் வியாசர் தலையாட்ட மட்டுமே செய்கிறார். எதிர்த்தரப்பை நேர்மையாக முன்வைத்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற அக்வினாஸின் விதியை, அவரைப் படித்தவர்களே இங்கே காற்றில் விட்டுவிட்டார்கள்.

வால்டேர் தேடியது பக்கத்திலேயே இருந்தது

இந்தக் கதையில் தமிழ் வாசகருக்கு உறுத்த வேண்டிய இடம் இதுதான். அறிவால் கடவுளை நிறுவும் இந்திய நூல் ஒன்று வால்டேருக்கு வேண்டியிருந்தது. போலி தேவையே இல்லை. அக்வினாஸ் பாரிஸில் எழுதிய அதே 13-ம் நூற்றாண்டில், காட்டேரிக்குப்பத்துக்கு அக்கம்பக்கம் என்று சொல்லத்தக்க விழுப்புரம், கடலூர் வட்டாரத்தில் அந்த வேலை தமிழில் நடந்துகொண்டிருந்தது.

திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார். அவருடைய சிவஞான போதம் தொடங்குவதே ஒரு வாதத்தில்தான்: அவன், அவள், அது என்று சுட்டப்படும் இந்த உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது; தானாக அது நடக்காது, செய்பவன் ஒருவன் வேண்டும். அவருடைய மாணவர் திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாருக்கு இரண்டு பாகம். பரபக்கத்தில் மாற்றுக் கட்சிகளை வரிசையாக எடுத்துச் சொல்லி மறுப்பு; சுபக்கத்தில் தன் கட்சி. முதலில் எதிராளி, பிறகு நான் என்ற ஒழுங்கு இங்கேயும் உண்டு.

இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. அக்வினாஸுக்குக் கடவுள் ஒன்றுமில்லாததிலிருந்து உலகைப் படைத்தவர். சைவ சித்தாந்தத்தில் உயிரும் பாசமும் பதியைப் போலவே அநாதி. மண்ணும் உண்டு, குயவனும் உண்டு, குடம் மட்டுமே வனையப்படுகிறது. இந்த வித்தியாசம் 18-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பேசப்பட்டிருந்தால் அது உண்மையான தத்துவ விவாதமாக இருந்திருக்கும். நடக்கவில்லை. சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த ஹென்றி ஹொய்சிங்டன், யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி. அது அச்சில் வந்தது 1854-ல். வால்டேர் இறந்து 76 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜே.எம். நல்லசாமிப் பிள்ளையின் மொழிபெயர்ப்பு 1895-ல் வந்தது.

உண்மையான நூல் எதுவும் புதுச்சேரியிலிருந்து போகவே இல்லையா? போனது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகத்துக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த மாரிதாஸ் பிள்ளை, பாகவதத்தை அதன் தமிழ் வடிவத்திலிருந்து பிரெஞ்சுக்குக் கொண்டுபோனார். பாகவத புராணம் 9, 10-ம் நூற்றாண்டு வாக்கில் தென்னிந்தியாவில் உருப்பெற்றது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதாவது, நம் பக்கத்து இடைக்காலத்தின் அசல் நூல். அதை ஒரு தமிழரே பெயர்த்திருந்தார். பாரிஸில் அது அச்சேறியது 1788-ல்தான். எழுதப்பட்ட மொழிபெயர்ப்பு பல ஆண்டுகள் காத்துக்கிடந்தது. போலி வேதம் அதற்குப் பத்தாண்டு முன்பே அச்சு வாகனம் ஏறிவிட்டது.

காரணம் சிக்கலானது இல்லை. பாகவதத்தில் கதை உண்டு, பக்தி உண்டு, கண்ணன் உண்டு, வெண்ணெய் உண்டு. வால்டேர் தேடிய ‘சுத்தமான பகுத்தறிவு இந்தியா’ அதில் இல்லை. ‘எசுர்வேத’த்தில் அவர் எதிர்பார்த்த இந்தியா மட்டுமே இருந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘5,000 ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர்கள்...’ என்று தொடங்கும் செய்தி வரும்போது இரண்டு வகை எதிர்வினை வரும். பழசு என்பதாலேயே கும்பிடுபவர்கள் ஒரு பக்கம். பழசு என்பதாலேயே சிரித்துவிட்டுத் தள்ளுபவர்கள் மறுபக்கம். வால்டேர் ஒரே ஆளாக இரண்டையும் செய்தார். தன் நாட்டுப் பழசை இருட்டு என்று தள்ளினார். தூர தேசத்துப் பழசை, தேதி பார்க்காமல் கும்பிட்டார். தள்ளியதும் கும்பிட்டதும் ஒரே வாதம் என்பது அவருக்குத் தெரியவே இல்லை.

ஒரு வாதத்தின் வயதையோ முகவரியையோ பார்த்து முடிவெடுத்தால் இதுதான் ஆகும். அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எதிராளியைப் பேசவிடுகிறதா, நான் கேட்க விரும்பியதையே அச்சு அசலாகச் சொல்கிறதா என்று பார்ப்பது கொஞ்சம் கஷ்டமான வேலை. அந்த வேலையைச் செய்தவர்கள் சொனரா, எல்லிஸ் மாதிரி ஆட்கள். சுவாரசியம் என்னவென்றால், அவர்கள் கையாண்ட ‘எதிர்க்கேள்வி கேள், சான்று கேள்’ என்ற பழக்கத்திலும் பாரிஸ், போலோன்யா வகுப்பறைகளின் பங்கு உண்டு.

அடுத்த முறை காட்டேரிக்குப்பத்தில் வரி ரசீதைக் கையில் வாங்கும்போது அந்த ‘கொம்யூன்’ என்ற சொல்லை ஒரு நொடி பார்க்கலாம். 900 வருஷத்துக்கு முன்னால் யாரோ தெருவில் இறங்கி, அடிவாங்கி வாங்கிய சொல். ரசீதில் அந்தக் கதை எதுவும் அச்சாகி இருக்காது. தொகையும் தேதியும் மட்டும்தான்.